ஒன்றாம் வகுப்பில் பிறக்கிறார் ஆசிரியர்!

கோரிமேடு என்றதும் நினைவுக்கு வருவது ஜிப்மர் மருத்துவமனை. பொழுது விடிவதற்குள் அங்கே கூட்டம் கூடிவிடும். புதுச்சேரி மக்கள் மட்டும் அல்ல. கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று பக்கத்து ஊர்களில் இருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர்களைப் பார்த்ததும், தாய்மார்கள் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான்.

“நன்றாகப் படி. நீயும் இந்த மாதிரி டாக்டர் ஆகவேண்டும்!”

நல்ல ஆசைதான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால், ஜிப்மர் வெறும் ஆஸ்பத்திரி அல்ல. அது ஒரு பள்ளிக்கூடமும்கூட! 1823-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது அது. 1964-ம் ஆண்டு ஜிப்மர் என்ற பெயர் பெற்றது. 2008-ம் ஆண்டு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆயிற்று. அங்கே நோயாளியின் கட்டில் அருகே பெரிய டாக்டர் நிற்பார். சுற்றிலும் மாணவர்கள் நிற்பார்கள். நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் சொல்லிக் கொடுப்பார். அந்த நேரத்தில் அவர் யார்? வாத்தியார்!

“டாக்டர்” என்ற சொல்லே லத்தீன் மொழியில் இருந்து வந்தது. “கற்பிப்பவர்” என்பதுதான் அதன் பழைய பொருள்.

ஆகவே, வாத்தியார் இல்லாமல் டாக்டர் இல்லை. என்ஜினீயர் இல்லை. வக்கீல் இல்லை. இருந்தும், “நீ வாத்தியார் ஆகவேண்டும்” என்று பிள்ளையிடம் ஆசையோடு சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்?

யாரும் சொல்லாமலே சில இளைஞர்களும் பெண்களும் அந்த வேலையை விரும்பித் தேடிப் போகிறார்கள். அந்த ஆசை அவர்களுக்கு எங்கே பிறந்தது? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலா? இல்லை. அதற்கு வெகுகாலம் முன்பே, அரைக்கால் சட்டையும் பாவாடையும் அணிந்து பள்ளிக்குப் போன நாளில் பிறந்தது!

13 ஆயிரம் மணி நேரம்

டான் லார்ட்டி என்பவர் அமெரிக்க அறிஞர். ஆசிரியர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 1975-ம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் ஒரு கணக்குச் சொன்னார்.

ஒரு மாணவன் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள், சுமார் 13 ஆயிரம் மணி நேரம் ஆசிரியர்களைக் கண் எதிரே பார்த்துவிடுகிறான் என்பதே அந்தக் கணக்கு.

டாக்டர் வேலை செய்வதைச் சிறுவர்கள் எப்போதோ ஒருநாள் பார்க்கிறார்கள். வக்கீல் வாதாடுவதைப் பெரும்பாலான பிள்ளைகள் பார்ப்பதே இல்லை. வாத்தியார் வேலையை மட்டும் தினந்தோறும் பார்க்கிறார்கள். தச்சுப் பட்டறையில் உட்கார்ந்து தொழில் பழகும் பையனைப்போல, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து வாத்தியார் தொழிலைப் பழகுகிறார்கள். பழகுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது!

பாவேந்தர் வகுப்பில் ஒரு சிறுவன்

இதற்குப் புதுச்சேரியிலேயே சாட்சி உண்டு.

பாவேந்தர் பாரதிதாசன் புதுச்சேரியில் 1891-ம் ஆண்டு பிறந்தவர். சுப்புரத்தினம் என்பது பெற்றோர் இட்ட பெயர். சிறு வயதில் திருப்புளிசாமி அய்யாவிடம் எழுத்தும் பாட்டும் கற்றார். பிறகு கல்வே கல்லூரியில் தமிழ் படித்தார். 1909-ம் ஆண்டு, காரைக்கால் பக்கத்தில் உள்ள நிரவியில் பள்ளி ஆசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 18! 1946-ம் ஆண்டு ஓய்வு பெறும் வரை, 37 ஆண்டு காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவரைக் கவிஞர் என்று உலகம் அறியும். அவர் வீட்டு அடுப்பு எரிந்தது வாத்தியார் சம்பளத்தில்!

அவரிடம் சிறு வயதில் படித்தவர்களில் ஒருவர் வில்லியனூர்ச் சிறுவன். அந்தச் சிறுவன் வளர்ந்தான். கவிஞன் ஆனான். ஆசிரியரும் ஆனான். அவர்தான் 1915-ம் ஆண்டு பிறந்த கவிஞர் வாணிதாசன். “தமிழச்சி”, “கொடிமுல்லை” ஆகிய காவியங்களைப் பாடியவர்.

பாவேந்தரிடம் இருந்து அவர் கற்றது எழுத்து மட்டும் அல்ல. தமிழ் படிப்பது பெருமை. தமிழ் சொல்லிக் கொடுப்பது அதைவிடப் பெருமை என்பதை அவர் கண்ணால் கண்டார். ஒரு வகுப்பில் ஏற்றிய விளக்கு, இன்னொரு வகுப்புக்குப் போயிற்று.

துன்பமும் வழிகாட்டும்

எல்லோருக்கும் நல்ல அனுபவமே வழிகாட்டும் என்பது இல்லை. துன்பமும் சிலரை ஆசிரியர் ஆக்கி இருக்கிறது.

சென்னையில் 1886-ம் ஆண்டு பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. அந்தக் கால வழக்கப்படி சின்னஞ்சிறு வயதிலேயே அவருக்குக் கல்யாணம் நடந்தது. கொஞ்ச காலத்தில் கணவர் இறந்துபோனார். விளையாடும் வயதில் விதவை!

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணின் கதி என்ன? தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். சுப்புலட்சுமியின் தந்தை அப்படிச் செய்யவில்லை. மகளைப் படிக்க வைத்தார். ஊர் ஏசியது. அவர் அசையவில்லை. சென்னையில் கன்னிமாடப் பள்ளியில் சுப்புலட்சுமி படித்தபோது, அங்கிருந்த கன்னியாஸ்திரீகள் பிறர் பிள்ளைகளுக்காகவே உழைப்பதைப் பார்த்தார். அது அவர் மனதில் பதிந்தது.

1911-ம் ஆண்டு பி.ஏ. தேறினார். அடுத்த ஆண்டே தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கும் பணியில் இறங்கினார். பிற்காலத்தில் மெரினா கடற்கரை “ஐஸ் ஹவுஸ்” கட்டடத்தில் அந்தப் பெண்கள் தங்கிப் படித்தார்கள். அவர்களில் பலர் ஆசிரியைகள் ஆனார்கள். மூலையில் உட்காரவேண்டிய பெண்கள், கரும்பலகை முன் நின்றார்கள்! 1958-ம் ஆண்டு சுப்புலட்சுமிக்கு பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

அவர் பட்ட துன்பம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. துன்பத்தில் கைகொடுக்கத் தந்தை இருந்தார். நல்ல ஆசிரியைகள் இருந்தார்கள். கைகொடுக்க ஆள் இல்லாத துன்பம் குழந்தையை நொறுக்கிவிடும். இதைப் பெரியவர்கள் மறக்கக் கூடாது.

ஒரு சிறுவன், இரண்டு வாத்தியார்

ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நடந்தது இது. கோவில் குருக்கள் மகனும் கலாமும் நண்பர்கள். வகுப்பில் முதல் வரிசையில் ஒன்றாக உட்காருவார்கள். புதிதாக வந்த ஒரு வாத்தியாருக்கு அது பிடிக்கவில்லை. கலாமைப் பின் வரிசைக்குப் போகச் சொன்னார். நண்பன் அழுதுவிட்டான். இதைக் கேள்விப்பட்ட குருக்கள், வாத்தியாரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். வாத்தியாரும் தவறை உணர்ந்து வருந்தினார்.

அதே ஊரில், சிவசுப்பிரமணிய அய்யர் என்ற ஆசிரியரிடமும் கலாம் படித்தார். பறவை எப்படிப் பறக்கிறது என்று அவர் பலகையில் படம் வரைந்து காட்டினார். பிள்ளைகளுக்கு முழுதும் புரியவில்லை. உடனே கடற்கரைக்கு அழைத்துப் போனார். பறக்கும் பறவைகளை நேரில் காட்டிப் பாடம் நடத்தினார். விமானத்தின்மீதும் ராக்கெட்டின்மீதும் தமக்கு ஆசை பிறந்தது அன்றுதான் என்று கலாம் பலமுறை சொல்லி இருக்கிறார்.

கலாம் விஞ்ஞானி ஆனார். 2002-ம் ஆண்டு ஜனாதிபதியும் ஆனார். பதவி முடிந்ததும் எங்கே போனார்? மாணவர்களிடம்தான் போனார்! 2015-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக் கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

பின் வரிசைக்குப் போகச் சொன்ன வாத்தியாரையும் அவர் மறக்கவில்லை. பறவையைக் காட்டிய வாத்தியாரையும் மறக்கவில்லை. குழந்தை எதையும் மறப்பது இல்லை!

பிரம்பு விளையாட்டு

வீட்டில் பிள்ளைகள் “வாத்தியார் விளையாட்டு” விளையாடுவதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளை கரித்துண்டால் சுவரில் எழுதி, தம்பிக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும். இன்னொரு பிள்ளை கையில் குச்சியை எடுத்துக்கொண்டு, “வாயை மூடு!” என்று தலையணையை அடி அடி என்று அடிக்கும்.

அந்தப் பிள்ளையின் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

பார்த்துப் பழகும் தொழில் என்றால், நல்லதும் பழகும், கெட்டதும் பழகும். அடிபட்டு வளர்ந்தவர், “அடித்தால்தான் படிப்பு வரும்” என்று நம்பி, நாளைக்குத் தாமும் பிரம்பை எடுக்கக்கூடும். 2009-ம் ஆண்டு இயற்றிய கட்டாயக் கல்விச் சட்டம், பிள்ளைகளை அடிக்கக்கூடாது, மனம் நோகச் செய்யக்கூடாது என்று தடை போட்டு இருக்கிறது. சட்டம் பிரம்பைப் பிடுங்கிவிடும். மனதில் பதிந்த பிரம்பை யார் பிடுங்குவது? ஆசிரியர் பயிற்சி தருபவர்கள் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். “உன் வாத்தியாரிடம் உனக்குப் பிடித்தது என்ன? பிடிக்காதது என்ன?” என்று ஒவ்வொரு பயிற்சி மாணவரும் எண்ணிப் பார்க்கும்படி செய்ய வேண்டும்.

வீட்டில் பேசும் பேச்சு

“வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை” என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. பழமொழி அப்படி அல்ல, “வாக்குக் கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்குக் கற்றவனுக்குப் போலீஸ் வேலை” என்பதே சரி என்று சொல்பவர்களும் உண்டு. எது பழையதோ, எது புதியதோ. பிள்ளைகள் காதில் விழவேண்டியது இரண்டாவதுதான்!

டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாளான செப்டம்பர் 5-ந் தேதி, 1962-ம் ஆண்டு முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பிள்ளை கையில் பூவைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பிள்ளை எதிரிலேயே வாத்தியாரைக் கேலி பேசுகிறார்கள். பூ அன்று மாலையே வாடிவிடும். கேலி வாடுவது இல்லை. வாத்தியாரிடம் குறை இருந்தால், பள்ளிக்குப் போய் நேரில் பேசலாம். அதுதான் முறை.

“பெருமை இருக்கட்டும், சம்பளம் வேண்டாமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் தனியார் பள்ளி ஆசிரியைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சின்ன வயது ஆசை சோறு போடாது. ஆசையோடு வருகிறவரைப் பசியோடு நிறுத்தினால், அவர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். பிறகு, வேறு வேலை கிடைக்காதவர் மட்டுமே வகுப்பில் நிற்பார். நஷ்டம் யாருக்கு? பிள்ளைகளுக்கு!

அக்காவின் கையில் சிலேட்டு

செலவு இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. அது பழைய வழி.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் “சட்டாம்பிள்ளை” என்று ஒரு மாணவன் இருப்பான். வாத்தியார் சொன்னதை அவன் சிறிய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த முறையைப் பார்த்தார். தமது பள்ளியிலும் மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-ம் ஆண்டு இதைப் பற்றி லண்டனில் புத்தகம் வெளியிட்டார். “சென்னை முறை” என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது!

“புரிந்துவிட்டது, அக்கா!” என்று தம்பி சொல்லும்போது அக்காவுக்கு வரும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதை ருசி பார்த்த பிள்ளைக்கு வாத்தியார் வேலை இளப்பமாகத் தோன்றாது. ஆகவே, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டட்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால், கையெழுத்துப் போட பேத்தி சொல்லிக் கொடுக்கட்டும். பேத்தி ஒரு வாத்தியார் ஆவாள். பாட்டியும் கைநாட்டில் இருந்து தப்பிப்பாள்!

பயிற்சி வேண்டும். படிப்பு வேண்டும். நல்ல சம்பளம் வேண்டும். ஆனால், இவை எல்லாம் நீர் ஊற்றுவது போல. விதை விழுவது சின்ன வயதில்தான். அந்த விதையைப் போடுகிறவர்கள் இரண்டே பேர்: வகுப்பில் வாத்தியார், வீட்டில் பெற்றோர்.

“டாக்டர் ஆகு” என்று பிள்ளையை வாழ்த்தும் தாய், “வாத்தியார் ஆனாலும் எனக்குப் பெருமைதான்” என்று ஒரே ஒரு முறை சொல்லட்டும். பிள்ளை அதை மறக்காது!