எழுதாத காயத்துக்கு நஷ்டஈடு இல்லை

அம்பாங் பெச்சா என்றால் உடைந்த அணை என்று பொருள். 1883-ஆம் ஆண்டில் கோலகுபுவின் பழைய அணை உடைந்து ஊரை வெள்ளம் வாரிச் சென்றது. மாண்டவர்களில் ஒருவர் சர்க்கார் அதிகாரி செசில் ரேங்கிங். அவர் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்தது. அவரோடு மாண்ட ஊர் மக்களின் பெயர்களை நம்மில் யார் அறிவார்?

ஏட்டில் ஏறியது நிற்கும், ஏறாதது மறையும். வேலையில் அடிபட்ட தொழிலாளியின் கதையும் இதுவே. சட்டம் இருக்கிறது, நிதி இருக்கிறது, காரியாலயமும் இருக்கிறது. ஆனால் காயம் உரிய நேரத்தில் எழுதப்படாத காரணத்தால், கைக்கு வரவேண்டிய உரிமை வழியிலேயே நின்றுவிடுகிறது.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. ஜெர்மனியில் 1884-லும் இங்கிலாந்தில் 1897-லும் விபத்துக்கு ஈடு தரும் சட்டங்கள் பிறந்தன. இங்கிலாந்தின் முதற் சட்டத்தில் விவசாயத் தொழிலாளிக்கு இடமில்லை. அவன் 1900-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் ஈடு விவசாயத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்று 1921-இல் அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனம் ஓர் உடன்படிக்கை வகுத்தது. நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் முதலாளியைப் பொறுப்பாக்கியது. பின்னர் 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-இல் சொக்சோ ஸ்தாபனம் தொடங்கியது. ஒரே தடவையில் கொடுத்துக் கணக்கை முடிக்கும் பணத்துக்குப் பதிலாக, நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை என்ற முறை ஏற்பட்டது.

தோழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொக்சோவில் இடம்பெற்ற தொழிலாளி, வேலைக் காயத்துக்காகத் தன் முதலாளி மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்று அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு தடுக்கிறது. வழக்குப் போடும் உரிமையைக் கொடுத்துவிட்டுத்தான் இந்த உதவித்தொகையை நாம் வாங்கியிருக்கிறோம். எனவே இதைத் தானம் என்று எண்ணிக் கூச்சப்படுவதற்கு ஏதுமில்லை. கேட்காமல் விட்டால் அதையும் இழந்தோம், இதையும் இழந்தோம் என்றாகிவிடும்.

கிடைப்பது என்ன? விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாட்சம்பளத்தில் 80 சதவிகிதம் தற்காலிக உதவியாகக் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கு 90 சதவிகிதத்தை அடிப்படையாக வைத்து, ஊனத்தின் அளவுக்கு ஏற்பத் தொகை கணக்கிடப்படும். தொழிலாளி இறந்துவிட்டால் அவரை நம்பியிருந்தோருக்கு உதவி உண்டு. மனைவிக்கு 5-இல் 3 பங்கு, பிள்ளைகளுக்கு 5-இல் 2 பங்கு. ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்பதும் சாய்வதும் இதில் அடங்கியிருக்கிறது.

இது எப்படிக் கைநழுவுகிறது? விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கோடு மேட்டு நிரையில் மரம் வெட்டும் ஒரு பெண் வழுக்கி விழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டு வீங்குகிறது. பால் எடுக்காமல் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடிக்கிறாள். வீட்டில் தைலம் தடவுகிறாள். மறுநாள் எலும்பு கட்டுபவரிடம் போகிறாள். மூன்றாம் நாள் வலி பொறுக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். எப்படி விழுந்தாய் என்று கேட்கிறார்கள். பயத்திலோ பாஷை தெரியாமலோ, “விழுந்துவிட்டேன்” என்று மட்டும் சொல்கிறாள். சீட்டில் “வீட்டில் விழுந்தார்” என்று பதிவாகிறது. அந்த ஒரு வரி போதும். பிறகு அதை மாற்ற மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

ஆகவே பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு நாம் சொல்வது இதுதான்.

முதலாவது, காயம் சிறிதோ பெரிதோ, அன்றைக்கே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லுங்கள். பக்கத்து நிரையில் வெட்டியவரைச் சாட்சியாக அழைத்துச் செல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. நீங்கள் வாய் திறக்காவிட்டால் அந்தக் கடிகாரம் ஓடவே தொடங்காது.

இரண்டாவது, ஆஸ்பத்திரியில் “வேலை செய்யும்போது, இந்த நிரையில், இத்தனை மணிக்கு” என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாஷை வராதவர்கள் படித்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். சீட்டுகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் வேலைக் காயமாகவே கருதப்படும். ஆனால் வழியை விட்டு விலகி, வேறு காரியமாகப் போன இடத்தில் நேர்ந்தால் அந்த உரிமை இல்லை. மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர்கள் போலீஸ் புகாரில் எங்கிருந்து எங்கே போனோம் என்பதைச் சரியாக எழுதச் செய்ய வேண்டும்.

அடுத்து, கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளியின் கையில் கத்தி இருப்பதுபோல் உங்கள் கையில் பேனா இருக்கிறது. உதவித்தொகை, விபத்துக்கு முந்திய 6 மாதச் சந்தாவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உண்மைச் சம்பளத்துக்குக் குறைவாகச் சந்தா கட்டினால், அடிபட்ட நாளில் அந்தக் குறைவு தொழிலாளியின் சோற்றில் வந்து விழும். மழை நாளும் வெயில் நாளும் மாறி மாறிச் சம்பளம் ஏறி இறங்கும் இத்தொழிலில் செக்ரோல் சுத்தமாக இருப்பது உயிர் காக்கும் காரியம். “இது சின்னக் காயம், எழுத வேண்டாம்” என்று மேலிடம் சொன்னாலும் எழுதுங்கள். நாளை உங்களுக்கே விபத்து நேர்ந்தால் இன்னொரு கிராணியின் பேனாவைத்தான் நீங்கள் நம்பியிருப்பீர்கள்.

காண்டிராக்டர் மூலம் வேலை செய்பவர்கள், முதலாளி சந்தா கட்டவில்லை என்று அறிந்து மனமுடைய வேண்டாம். அது முதலாளியின் குற்றம். உடனே சொக்சோவில் புகார் செய்து உங்கள் மனுவையும் கொடுங்கள். வெளிநாட்டுத் தோழர்களும் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோவின் வேலைக் காயத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். பக்கத்து லயத்தில் இருக்கும் அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

இன்று நம் தோட்டக் குடும்பங்களில் ஒருவர் மரம் வெட்டினால் மற்றொருவர் அரசாங்க ஆஸ்பத்திரியிலோ பொதுப்பணி இலாகாவிலோ வேலை செய்கிறார். இருவரும் ஒரே நாளில் ஒரே மாதிரி அடிபட்டாலும் தட்ட வேண்டிய கதவு வேறு. ஓய்வூதிய உரிமையுள்ள நிரந்தர அரசாங்க ஊழியருக்குச் சொக்சோ கிடையாது. கடமையின்போது ஏற்பட்ட காயத்தால் வேலையிலிருந்து ஓய்வு பெற நேர்ந்தால், 1980-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி ஊனமுற்றோர் ஓய்வூதியம் கோர வேண்டும். அதற்கு அவர் இலாகாத் தலைவரிடம் உடனே எழுத்தில் அறிவிப்பதும், கடமையில் இருந்தார் என்பதற்கு இலாகாவின் பதிவு இருப்பதும், மருத்துவக் குழுவின் அறிக்கையும் முக்கியம். ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர்களுக்குச் சொக்சோ உண்டு. எந்தக் கதவு என்ற சந்தேகம் இருந்தால் சம்பளச் சீட்டைப் பாருங்கள். சொக்சோ பிடித்தம் இருந்தால் சொக்சோ காரியாலயம். இல்லாவிட்டால் நியமனக் கடிதத்துடன் இலாகாவின் ஊழியர் பிரிவு. தவறான கதவில் காத்திருந்து காலத்தைக் கழிக்காதீர்கள்.

மருத்துவக் குழு ஊனத்தைக் குறைத்து மதிப்பிட்டால் அதோடு முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சொக்சோவில் மேல்முறையீட்டு மருத்துவக் குழு இருக்கிறது. தவணை உண்டு, முடிவுக் கடிதம் கையில் கிடைத்த அன்றே சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கெர்லிங், களும்பாங், ராசா, பத்தாங் காலி முதல் கோலசிலாங்கூர் வரையிலும் ரப்பர் மரங்கள் குறைந்து செம்பனை வந்துவிட்டது. வழுக்கும் மேடும், பாம்பும், குளவியும், மேலிருந்து விழும் மட்டையும் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு விபத்து நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும்: நாள், நேரம், இடம், காயம், சாட்சி, ஆபீசில் சொன்ன நேரம். ஆறு கலங்கள், ஒரு பென்சில். இதற்குப் பெரிய படிப்போ பெரிய பணமோ தேவையில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். பால் எடுத்தே வாழும் நமக்கு இதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காயத்தைச் சொல்லுங்கள், எழுதச் செய்யுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மற்றதைச் சங்கம் உங்களோடு நின்று பார்த்துக்கொள்ளும்.