மூச்சை அடக்காதீர்!

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தோர் மூச்சடக்கி மூழ்கினர். அதுவே அவர்தம் திறமை. முதுகில் காற்றுக்கலம் சுமந்து மூழ்கும் 'ஸ்கூபா' முறையிலோ முதல் விதி இதற்கு நேர்மாறானது: நீருக்குள் ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது.

காரணம் எளிது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இருமடங்கு. முத்துக் குளிப்பவர் மேலிருந்து கொண்டுசென்ற காற்று ஆழத்தில் சுருங்கி, மேலே வருகையில் பழைய அளவையே அடையும். கலத்துக் காற்றோ அந்த ஆழத்து அழுத்தத்திலேயே நுரையீரலை நிரப்புகிறது. அதை அடக்கிக்கொண்டு மேலே விரைந்தால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். உயிருக்கே ஆபத்து.

அச்சம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது மனித இயல்பு. அதை மாற்றவே முதலில் நீச்சல் குளத்தில் பயிற்சி அளிக்கின்றனர். சீராக மூச்சுவிட்டபடி, நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலேறுக. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்குக. இறங்கும்போது காது வலிக்குமுன்னரே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுக. சளி பிடித்த நாளில் மூழ்கற்க. தொடக்கநிலைப் பயிற்சி பெற்றோர்க்கு 18 மீட்டரே எல்லை. துணையின்றி இறங்குதல் கூடவே கூடாது.

பெற்றோரே! பிள்ளைகள் இக்கலையை விரும்பினால் தடுக்க வேண்டாம். மருத்துவரிடம் காட்டி, தகுதிபெற்ற பயிற்றுநரிடம் அனுப்புங்கள். திரும்பி வந்ததும், "எவ்வளவு ஆழம் சென்றாய்?" என்று கேளாதீர். "எவ்வளவு மெதுவாக மேலே வந்தாய்?" என்று கேளுங்கள்.