ஆண்களின் வெட்கமும் மூத்திர வியாதியும்

நம் மக்கள் கூசாமல் பேசுகிற சங்கதிகள் எத்தனையோ இருக்கின்றன. மகாவிஷ்ணு மோகினி வேஷம் போட்டபோது என்ன நடந்தது என்றும், அதற்குப் பிறந்த பிள்ளை எது என்றும் கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கி வைத்துக் கதை சொல்லுவார்கள். பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைக் கேட்பார்கள். அதில் யாருக்கும் வெட்கமில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயதான ஒரு ஆண்பிள்ளை, “ஐயா, எனக்கு மூத்திரம் சரியாகப் போகவில்லை” என்று ஒரு வைத்தியரிடம் சொல்லுவதென்றால் மாத்திரம் வெட்கம் வந்துவிடுகிறது. சாமியின் சங்கதியில் இல்லாத வெட்கம் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் சங்கதியில் மாத்திரம் ஏன் வரவேண்டும் என்று கேட்கிறோம்.

நமது ஜவளகிரிப் பக்கத்துக் கிராமங்களில் பார்த்தால் இது நன்றாய் விளங்கும். ஒரு இராத்திரியில் நாலு தரம், ஐந்து தரம் எழுந்து வெளியே போகிறவர்கள் எத்தனை பேர்? காட்டிலிருந்து யானை இறங்குகிற மாதங்களில், இருட்டில் இப்படிப் போய் நிற்பதே உயிருக்கு ஆபத்து. கேட்டால் “வயசாச்சு” என்பார், அல்லது “உடம்புச் சூடு” என்பார். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் “தலையெழுத்து” என்பார். பிறகு மலைக்கு ஒரு முடி காணிக்கை, வீட்டில் ஒரு கழிப்பு, அதற்கும் கேட்காவிட்டால் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி “ஆண்மைக் குறைவு, சகல மூத்திர ரோகங்களும் நிவர்த்தி” என்று நோட்டீசு போடுகிற வைத்தியரிடம் ஆயிரம் ஆயிரமாய்க் கொட்டுவது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்கிற எண்ணம் கடைசியாகத்தான் வருகிறது. அது வருவதற்குள் சிலருக்கு மூத்திரம் அடியோடு அடைத்துப்போய், துடிதுடிக்க ஓசூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாகிவிடுகிறது.

இதில் தலையெழுத்து எங்கே இருக்கிறது? மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி, புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வாலிபத்தில் அது ஒரு அக்ரோட்டுக் கொட்டை அளவுதான். வயது ஏற ஏற அது பெருக்கிறது. பெருத்தால் நடுவில் போகும் குழாய் நெருக்கப்படுகிறது. மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் எப்படித் தயங்குமோ அப்படித்தான் இதுவும். பெரும்பாலோருக்கு இது வெறும் பருமனே தவிரப் புற்றுநோய் அல்ல. மாத்திரையாலும், வேண்டியிருந்தால் அறுவையாலும் குணப்படுத்தக்கூடியது.

அதே சுரப்பியில் புற்றும் வருவதுண்டு. அது ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது. முற்றிய பிறகு எலும்புக்குப் பரவும். அப்போது இடுப்பும் முதுகும் வலிக்கும். சிப்காட்டில் மூட்டை தூக்கினவரும், தோட்டத்தில் குனிந்து நின்றவரும் இதை வேலை அலுப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். இந்தப் புற்று ஆணின் சுரப்பு நீரைக் கொண்டே வளர்கிறது என்பதையும், அதை நிறுத்தினால் புற்று ஒடுங்குகிறது என்பதையும் சார்லஸ் ஹக்கின்ஸ் என்கிற அறிஞர் 1941இல் மெய்ப்பித்தார். அதற்காக 1966இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். முன் ஜென்ம பாவத்தைக் கொண்டு புற்று வளர்கிறது என்று மெய்ப்பித்தவர் இதுவரை எவருமில்லை.

பெண்கள் விடுதலை பெறவேண்டுமானால் “ஆண்மை” என்பது அழியவேண்டும் என்று பெரியார் “பெண் ஏன் அடிமையானாள்?” புத்தகத்தில் எழுதினார். அந்த ஆண்மை பெண்ணை மாத்திரம் அடிமையாக்கவில்லை, ஆணையும் வாய் திறக்கவொட்டாமல் கொல்லுகிறது என்று நாம் சேர்த்துச் சொல்லுகிறோம். பெரியாரோ தம் கடைசிக் காலத்தில் மூத்திரம் இறங்குவதற்குக் குழாய் வைத்துக்கொண்டு, அந்தக் குழாயோடேயே ஊர் ஊராய்ச் சுற்றினார். தம் 95ஆம் வயதில், 19-12-1973இல், சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். ஐந்து நாள் கழித்து வேலூர் ஆஸ்பத்திரியில் மாண்டார். அவருக்கு அந்தக் குழாய் அவமானமாகத் தோன்றவில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொள்ளுகிற நாம் வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்படுவது என்ன சுயமரியாதை?

இது ஒருபுறமிருக்க, பழைய மூடநம்பிக்கையை விட்டவர்கள் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுகிறார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் “ஆண்களுக்கான முழுப் பரிசோதனை, இத்தனை ரூபாய்” என்று விளம்பரம் பண்ணுகிறார்கள். அதில் பி.எஸ்.ஏ. என்கிற இரத்தச் சோதனையும் ஒன்று. வருஷத்துக்கு ஒரு தரம் அர்ச்சனைச் சீட்டு வாங்குகிற மாதிரி இதையும் வாங்கிவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்று எண்ணுகிறார்கள். சோதனை நல்லதுதான். ஆனால் அது என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று கேட்காமல் பணம் கட்டுகிறவனுக்கும், மந்திரத்துக்கு அர்த்தம் கேட்காமல் தட்சணை கொடுக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி இரத்தத்தில் விடுகிற ஒரு பொருள். புற்று இருந்தால் அது கூடும். வெறும் பருமனாலும் கூடும், கிருமியாலும் கூடும். கூடியிருக்கிறது என்றால் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கவேண்டிவரும். அப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற புற்றுகளில் பல, அந்த மனிதன் வேறு காரணத்தால் சாகும்வரை அவனை ஒன்றும் செய்யாதவை. அதைத் தெரியாமல் அறுத்தாலும் கதிர் பாய்ச்சினாலும், சிலருக்கு மூத்திரம் தானே ஒழுகுவதும், தாம்பத்தியம் கெடுவதும் மிச்சமாகிறது.

ஐரோப்பாவில் எட்டு தேசங்களில் ஒரு இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 23 வருஷக் கணக்கை 2025இல் வெளியிட்டார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் இந்தப் புற்றால் செத்தவர்கள் 100க்கு 13 பங்கு குறைவு. 456 பேரை அழைத்தால் ஒரு சாவு தடுக்கப்படுகிறது. அதே சமயத்தில் 1000 பேரில் சுமார் 27 பேருக்குக் கூடுதலாகப் புற்று என்று பெயர் சூட்டப்படுகிறது. இங்கிலாந்தில் இப்படிச் சோதனையில் பிடிபட்ட 1643 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர், ஒன்றுக்கு வெறும் கண்காணிப்பு என்று வைத்தார்கள். 15 வருஷம் சென்று 2023இல் கணக்குப் பார்த்தால், மூன்றிலும் சேர்த்து இந்தப் புற்றால் செத்தவர்கள் 45 பேர்தான். ஆகவே புற்று என்று சொன்னவுடனே நாளைக்கே கத்தி என்று ஓடவேண்டியதில்லை. எந்த வகைப் புற்று என்று கேட்கவேண்டும். 1970இல் புராஸ்டேட்டுக்குரிய ஆன்டிஜென் ஒன்றைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்ளின் என்பவரே, எல்லா ஆண்களையும் கண்மூடிச் சோதிப்பது தவறு என்று 2010இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார்.

அப்படியானால் சோதிக்கவே வேண்டாமா என்று கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. தொல்லை உள்ளவர் எந்த வயதானாலும் உடனே வைத்தியரிடம் போகவேண்டும். மூத்திரத்தில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. தகப்பனுக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்தப் புற்று இருந்திருந்தால் அபாயம் சுமார் இரட்டிப்பு; ஆதலால் அவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தொல்லையில்லாத மற்றவர்களைப் பற்றி அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2018இல் சொன்னது என்னவென்றால், 55 முதல் 69 வயது வரை வைத்தியரோடு நன்மை தீமை பேசித் தானே முடிவு செய்யலாம், 70க்கு மேல் வேண்டாம் என்பது. தானே யோசித்து முடிவு செய் என்பதுதானே நமது இயக்கத்தின் கொள்கையும்?

இனி ஆகாரம். இதிலும் மோசடிக்குக் குறைவில்லை. தக்காளி தின்றால் இந்தப் புற்று வராது என்று ஒரு பேச்சு. அப்படியானால் இராயக்கோட்டை மண்டியைச் சுற்றியுள்ள எவருக்கும் இது வரக்கூடாதல்லவா? உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2007இல் தக்காளிக்கு நல்ல பேர் கொடுத்தது. 2014இல் மறுபடி ஆராய்ந்து, போதுமான சாட்சியம் இல்லை என்று அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சொன்னதைச் சோதித்துத் திருத்திக்கொள்வதுதான் விஞ்ஞானம். எந்தப் புராணம் இப்படித் திருத்திக்கொண்டிருக்கிறது? வைட்டமின் ஈ மாத்திரை இந்தப் புற்றைத் தடுக்கும் என்றார்கள். அமெரிக்காவில் 35,533 பேரிடம் சோதித்ததில், அதைத் தின்றவர்களுக்குப் புற்று 100க்கு 17 பங்கு அதிகம் என்று 2011இல் தெரிந்தது. பணமும் போய் வியாதியும் வந்த கதை! ஆனால் மேற்படி நிதியம் 2014இல் இன்னொன்றும் சொல்லிற்று: உடல் கொழுத்தவர்களுக்கு முற்றிய புராஸ்டேட் புற்று வரும் அபாயம் அதிகம். ஆகவே நம் பாட்டன் தின்ற கேழ்வரகுக் களி, அவரை, கொள்ளு, கீரை இவை நல்ல ஆகாரமே. அவற்றை மருந்து என்று சொல்லவேண்டாம்; வயிற்றைப் பெருக்காமல் உடம்பைத் தாங்கும் என்பதே போதும். பீடியையும் சாராயத்தையும் விடுவது எல்லாவற்றிலும் மேல்.

சர்க்காருக்கும் ஒன்று சொல்லவேண்டும். “மக்களைத் தேடி மருத்துவம்” என்னும் திட்டம் 5-8-2021இல் நமது கிருஷ்ணகிரி ஜில்லாவின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வந்தது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்த மாகாணம் இது. இத்தனை செய்கிறவர்கள், வீட்டுக்கு வரும் ஊழியரைக்கொண்டு ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆணிடமும், “இராத்திரி எத்தனை தரம் எழுந்திருக்கிறீர்கள்? மூத்திரம் தடையில்லாமல் போகிறதா? இரத்தம் கண்டதா?” என்று மூன்று கேள்வி கேட்கச் செய்தால் என்ன? இதற்கு இயந்திரமும் வேண்டாம், கட்டிடமும் வேண்டாம். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நம் எல்லைப்புறத்தில், அவரவர் பாஷையிலேயே கேட்டால் போதும்.

தோழர்களே! உங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய தகப்பனாரோ மாமனாரோ அண்ணனோ இருந்தால் இந்த மூன்று கேள்வியை இன்றைக்கே கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால், நல்ல நாள் பார்க்காமல், இராகுகாலமானாலும் சரி, கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.