குவாரிஸ்மியின் பெயரைச் சொன்னால் மட்டும் போதுமா?





சென்ற ரமளானுக்கு முன் ஒரு மாலை, எங்கள் மக்தபில் ஓதும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பள்ளிவாசல் சுவரிலுள்ள தொழுகை நேர அட்டவணையைக் காட்டி, "ஹஜ்ரத், இந்த நிமிஷக் கணக்கை எப்படிப் போட்டாங்க?" என்று கேட்டாள். அஸர் நேரம் எப்போது தொடங்கும் என்னும் ஃபிக்ஹுச் சட்டத்தை அவளுக்கு விளக்கினேன். ஆனால் அச்சட்டம் எவ்வாறு கடிகார நிமிடமாக மாறுகிறது என்பதை என்னால் சொல்ல இயலவில்லை. "பெரியவங்க போட்ட கணக்கும்மா" என்று கூறி அவளை அமர வைத்துவிட்டேன். அதே வாரத்தில்தான் ஒரு கூட்டத்தில், அல்குவாரிஸ்மியின் பெருமையை அரை மணி நேரம் முழங்கியிருந்தேன்! வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

நம் மேடைகளில் இது வழக்கமாகிவிட்டது. 'அல்காரிதம்' என்னும் சொல்லே பக்தாதில் வாழ்ந்த அந்த அறிஞரின் பெயரிலிருந்து பிறந்தது என்கிறோம், உண்மைதான். ஒளியியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் இப்னுல் ஹைஸம் என்கிறோம், அதுவும் உண்மை. ஆனால் பாட்டனாரின் நிலப் பத்திரத்தைப் படித்துக் காட்டினால் பேரனின் வயல் விளைந்துவிடுமா? டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் 14ஆம் நூற்றாண்டில் நேரக் கணிப்பாளராகப் பணியாற்றிய இப்னுஷ் ஷாதிர், தம் காலத்தின் தலைசிறந்த வானியல் அறிஞர். அன்று பள்ளிவாசலுக்குள்ளேயே வானியல் இருந்தது. இன்று நம் பள்ளிவாசலில் அட்டவணை இருக்கிறது. அதை விளக்க ஆள் இல்லை.

வாட்ஸ்அப் 'அறிவியல்'

இந்த வெற்றிடத்தை எது நிரப்புகிறது? நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் பாங்கோசை கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்னும் செய்தி இன்றும் நம் குடும்பக் குழுக்களில் வலம் வருகிறது. அவரே அதை மறுத்துவிட்டார். செய்தி வந்தால் தெளிவாக விசாரியுங்கள் என்று குர்ஆன் நமக்குக் கட்டளையிட்டிருக்க, மார்க்கத்தின் பெயராலேயே பொய்யைப் பரப்புகிறோம். நம் ஈமானுக்கு இத்தகைய முட்டுக்கட்டைகள் தேவையில்லை. பிள்ளை வளர்ந்து உண்மையை அறியும் நாளில், நாம் சொன்ன மற்றவற்றையும் ஐயுறத் தொடங்குவான் என்பதை நினைத்துப் பார்த்தோமா?

இன்னொரு பக்கம், 'கோடிங் வகுப்பு' என்று பல்லாயிரம் ரூபாய் கட்டணம் கேட்கும் விளம்பரங்கள். வெளிநாட்டில் வெயிலில் உழைக்கும் தந்தை, பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்ற அச்சத்தில் அதையும் கட்டுகிறார். இலவசமாகக் கிடைப்பவை எவை என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஊரில் யாருமில்லை. அக்குறை நம்முடையது.

கைக்கெட்டும் தூரத்தில்

அந்த மாணவியின் கேள்விக்குப் பின் நானே தேடினேன். 'ஸ்டெல்லேரியம்' என்னும் இலவச மென்பொருளில் நம் ஊரையும் நாளையும் குறித்தால், மஃரிபுக்குப் பின் பிறை அடிவானில் எங்கே, எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று காணலாம். பிறை பார்ப்பதற்கு அது மாற்றாகாது. எங்கே பார்ப்பது என்பதைக் கற்றுத்தரும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தளத்தில் மின்சுற்று, ஒளி, விசை ஆகியவற்றைப் பிள்ளைகளே இயக்கிப் பார்க்கும் சோதனைகள் உள்ளன. பல தமிழிலேயே உள்ளன. எம்.ஐ.டி. 2007இல் வெளியிட்ட 'ஸ்க்ராட்ச்' வழியாக, எட்டு வயதுப் பிள்ளையும் கட்டைகளை அடுக்குவதுபோல் நிரல் எழுதலாம். ஐ.ஐ.டி. மும்பையின் 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' கட்டற்ற மென்பொருள்களைத் தமிழ்க் குரலில் கற்பிக்கிறது. நம் அரசுப் பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூ.ஆர். குறியீடுகளைப் பெற்றோரில் எத்தனை பேர் ஒருமுறையேனும் திறந்து பார்த்திருக்கிறோம்?

கணினியே இல்லையா? நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவான 'சி.எஸ். அன்பிளக்ட்' பாடங்களுக்குக் கணினி தேவையில்லை. 1, 2, 4, 8, 16 புள்ளிகள் கொண்ட ஐந்து அட்டைகள் போதும். இரும எண் முறை விளங்கிவிடும். ஒரே கையின் ஐந்து விரல்களை மடக்கி நீட்டி 31 வரை எண்ணலாம் என்றதும், ஒரு சிறுவன், "அப்போ தஸ்பீஹ் 33க்கு ஆறாவது விரல் வேணுமே ஹஜ்ரத்!" என்றான். கல்வி நிகழும் கணம் அதுதான்.

முற்றத்தில் ஒரு குச்சியை நட்டோம். நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்தோம். அந்நிழல் நீங்கலாக, குச்சியின் அளவுக்கு நிழல் நீளும்போது ஷாஃபிஈ அஸர், இரு மடங்காகும்போது ஹனஃபி அஸர். சுவரிலிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பிள்ளைகள் தக்பீர் முழங்கினர். அடுத்துக் கிப்லா. சென்னையிலிருந்து அது நேர் மேற்கன்று. ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. ஏன் என்று தட்டையான வரைபடம் சொல்லாது. உருண்டையில் நூல் பிடித்தால் தெரியும்.

"ஃபோன் ஃபித்னா அல்லவா?"

இக்கேள்வியை நான் புறந்தள்ளவில்லை. தனியறையில், தலையணைக்கடியில் இருக்கும் கைபேசி ஃபித்னாதான். அதற்காகத்தான் சொல்கிறேன்: மக்தப் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். ஸ்க்ராட்சும் ஸ்டெல்லேரியமும் தரவிறக்கி வைத்தால் இணையமின்றியே இயங்கும். ஒரு பழைய மடிக்கணினி, ஒரு திரை, உடன் அமரப் பெரியவர் ஒருவர்; இவ்வளவே தேவை. மகன் கைபேசியில் என்ன பார்க்கிறான் என்று கேட்காத நாம், மகள் பாடத்துக்குக் கேட்டாலும் மறுக்கிறோம். அவளுக்கு இக்கூடம் மிகப் பெரிய வாசலாகும்.

தேர்ந்தெடுக்கவும் அளவுகோல் உண்டு. உருவாக்கியவர் யார் என்று தெரிகிறதா? பிள்ளையை வெறுமனே பார்க்க வைக்கிறதா, செய்ய வைக்கிறதா? விளம்பரம் குறுக்கிடுகிறதா? பெயர், எண், புகைப்படம் கேட்கிறதா? இந்நான்கையும் பெற்றோர் முதலில் பார்த்துவிட்டுப் பின்னர் பிள்ளையிடம் கொடுக்கட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! மினாராவுக்கு வண்ணவிளக்கு வாங்கும் தொகையில் ஒரு பகுதி போதும். ஆலிம்களே! "எனக்குத் தெரியாது, சேர்ந்து கற்போம்" என்று சொல்வதால் நம் கண்ணியம் குறையாது. பயன் தராத கல்வியிலிருந்து பாதுகாவல் தேடிய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். பயன் தரும் கல்வி கையெட்டும் தூரத்தில் இருந்தும் எடுக்காமலிருந்தால், மறுமையில் என்ன பதில் சொல்வோம்?

அம்மாணவியை மீண்டும் அழைத்து, "பெரியவங்க போட்ட கணக்கு" என்று சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தேன். இப்போது குச்சியின் நிழலை அளந்து எழுதும் பொறுப்பு அவளுடையது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஆமீன்.