வண்டிக் கதவில் ஒரு பேழை, வகுப்பறையில் ஒரு பாடம்



கலும்பாங் வட்டாரத்தில் காலை வேளையில் பள்ளி வாயிலில் நின்று பார்த்தால், மோட்டார் சைக்கிள்களுக்கும் கார்களுக்கும் இடையே செம்மண் படிந்த நான்கு சக்கர இயக்க வண்டிகள் சிலவும் வந்து நிற்பதைக் காணலாம். நம் மக்கள் அவற்றைப் 'போர்வீல்' என்றே அழைப்பர். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் நாளெல்லாம் ஓடும் வண்டியே காலையில் பிள்ளைகளையும் ஏற்றி வருகிறது. அதன் உள்ளே எட்டிப் பாருங்கள். முன்கண்ணாடியின் கீழே கைவிளக்கு உருளும். இருக்கைக்கு அடியில் ஸ்பானரும் பாராங் கத்தியும் கிடக்கும். காலடியில் இழுவைக் கயிறு சுருண்டிருக்கும். இவற்றுக்கு நடுவே புத்தகப் பைகள் இருக்கும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கச் சிலர் கதவின் உட்புறத்தில் பிளைவுட் பலகையாலோ கித்தான் துணியாலோ தாமே ஒரு பேழை செய்து பொருத்திக் கொள்கின்றனர். இதைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இச்சிறு வேலையில் அறிவியலும் கணிதமும் தமிழும் ஒருசேர அடங்கியுள்ளன. இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய வேண்டும். ஆனால் சிந்திக்காமல் செய்தால் இதே வேலை ஆபத்தாகவும் முடியும்.

கதவுக்குள் இடம் வந்த கதை

லேண்ட் ரோவர் வண்டி 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு கிடைப்பது அரிதாக இருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். பல ஆண்டுகள் வெளிவந்த அதன் வகைகளில் சன்னல் கண்ணாடி கதவின் மேற்பாதியிலேயே பக்கவாட்டில் நகர்ந்தது. அது கதவுக்குள் இறங்குவதில்லை. ஆகவே அதை இறக்கி ஏற்றும் பொறி கீழ்ப்பாதியில் இல்லை. 1959-இல் வந்த மினி காரிலும் இதே முறைதான். சிறிய காராக இருந்தும் அதன் கதவுகளில் பெரிய பைகள் அமைந்தமைக்கு அதுவே காரணம்.

இதில் பிள்ளைகள் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. புதிதாக ஒன்றைச் சேர்த்ததால் அந்த இடம் கிடைக்கவில்லை. ஒரு பொறியை நீக்கியதால் கிடைத்தது. வடிவமைப்பு என்பது எதைச் சேர்ப்பது என்பதோடு, எதை விடுவது என்பதையும் எண்ணிப் பார்ப்பதாகும்.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்திலும் அதற்குப் பின்னரும் மலாயாத் தோட்டங்களில் துரைமார்கள் லேண்ட் ரோவரில் வலம் வந்ததை நம் மூத்தோர் நன்கு அறிவர். அவ்வண்டிகளைப் பழுது பார்த்த தோட்டத்துப் பட்டறைகளில் நம்மவரின் கைகளும் உழைத்தன. உதிரிப்பாகம் வந்து சேரும் வரை காத்திராமல், இருப்பதைக் கொண்டு வண்டியை ஓட வைத்த அறிவு அது. அவ்வறிவை நாம் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவும் இல்லை.

ஒரு கிலோ ஸ்பானரின் கணக்கு

பேழை வேண்டும் என்பதற்கு முதற்காரணம் ஒழுங்கு அன்று, உயிர்ப் பாதுகாப்பு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நிற்கிறது என்று கொள்வோம். கட்டப்படாத பொருள் நிற்பதில்லை. அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். ஒரு கிலோ ஸ்பானர் அப்போது கொண்டிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 139 ஜூல். அதே ஸ்பானரை 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையைத் தொடும்போது அதற்கு இருக்கும் ஆற்றலும் இதுவே. நான்கு மாடி உயரத்திலிருந்து பிள்ளையின் தலைமேல் ஸ்பானர் விழ நாம் ஒப்புவோமா? பின் இருக்கையில் பிள்ளை அமர்ந்திருக்க, கருவிகளை இருக்கைமேல் வீசி வைப்பது அதற்குச் சமமே.

ஆகவே பேழையில் பொருளை வைத்தால் மட்டும் போதாது. மூடியோ இறுக்கும் பட்டையோ வேண்டும். திறந்த பேழையில் வைத்த கனமான பொருள் மோதலின்போது எகிறிவிடும்.

செய்யும் முறை

முதலில் அட்டையில் மாதிரி வெட்ட வேண்டும். அதைக் கதவில் ஒட்டிவிட்டு, இருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். முழங்கால் இடிக்கிறதா? கதவின் கைப்பிடியும் பூட்டும் தடையின்றி இயங்குகின்றனவா? பேழை இருக்கையோடு உரசுகிறதா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே பலகையில் கை வைக்க வேண்டும். அட்டையில் நேரும் பிழைக்குச் செலவு இல்லை.

அடுத்து, சன்னல் கண்ணாடியை முழுதும் இறக்கிவிட்டு அளவெடுக்க வேண்டும். இக்கால வண்டிகளில் கண்ணாடி கதவுக்குள் இறங்குகிறது. நீண்ட திருகாணியைக் கண்ணை மூடிக்கொண்டு முடுக்கினால் அது கண்ணாடியை உடைக்கலாம், மின்கம்பியை அறுக்கலாம். சில புதிய வண்டிகளில் பக்கவாட்டு மோதலை உணரும் கருவி கதவுக்குள்ளேயே உள்ளது. காற்றுப்பை கதவிலோ இருக்கையின் பக்கத்திலோ இருக்குமாயின் அதன் வழியில் பேழை நிற்கவே கூடாது. வண்டியின் கையேட்டைப் படித்து இதை உறுதி செய்ய வேண்டும். அத்தகைய வண்டிக்குக் கதவுப் பேழை ஏற்றதன்று. முன்னிருக்கையின் முதுகில் கட்டும் கித்தான் பையே போதும். வண்டியின் தகட்டையோ சட்டத்தையோ வெட்ட வேண்டிய நிலை வந்தால், சாலைப் போக்குவரத்துத் துறையைக் கேட்காமல் செய்யலாகாது.

மூன்றாவது, மழை. சன்னல் ரப்பரைக் கடந்து மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறவே கதவின் அடியில் சிறு துளைகளை விட்டிருக்கின்றனர். உட்பலகைக்குப் பின்னே ஒட்டியிருக்கும் நெகிழித்தாள் அந்த ஈரம் உள்ளே வராமல் தடுக்கிறது. துளையை அடைத்தால் துரு பிடிக்கும். தாளைக் கிழித்தால் பேழையில் உள்ளவை நனையும். பேழையின் அடியிலும் இரண்டு மூன்று துளைகள் இடுவது நன்று. நனைந்த மழைக்கோட்டை அதில்தானே வைக்கப் போகிறோம்!

நான்காவது, பளு. கதவு கீல்களில் தொங்குகிறது. நான்கு கிலோ பளுவைக் கீலிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், 30 சென்டிமீட்டரில் வைப்பதைவிட இரண்டரை மடங்குக்கும் மேலாக அது கீலை வருத்தும். ஆதலால் கனமானவை கீல் பக்கத்தில், கீழ்த்தட்டில், இலேசானவை மறுபக்கத்தில். மண்சாலையின் குலுக்கலில் இவ்வேறுபாடு விரைவில் தெரிந்துவிடும்.

இறுதியாக, எதை வைக்கக் கூடாது என்பது. பாராங் முதலிய கூர்ங்கருவிகள், தீமூட்டி, அழுத்தம் நிறைந்த தெளிப்பான் புட்டிகள் ஆகியவை வெயிலில் நிற்கும் வண்டியின் கதவில் இருக்கலாகாது. முதலுதவிப் பொருள், கைவிளக்கு, கையுறை, தண்ணீர்ப் புட்டி, குறிப்பேடு ஆகியவற்றுக்கு அது தக்க இடம். பேழையின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். பிள்ளைகள் ஏறி இறங்கும் வழி அது.

கைத்தொழில் இழிவா?

இங்கேதான் பெற்றோர் சிலரின் மனத்தடை குறுக்கிடுகிறது. "நாங்கள் கையால் உழைத்தது போதும். எங்கள் பிள்ளை படிக்கட்டும்" என்பர். அக்கூற்றில் வரலாற்றின் வலி உண்டு. அதை நான் மறுக்கவில்லை. 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின் பின் தோட்டப் பள்ளிகள் பெருகின. ஆயினும் அவற்றில் பயின்ற பிள்ளைகள் பால்மரக் காட்டைத் தாண்ட வேண்டும் என்று திட்டமிட்டவர் எவருமிலர்.

நம் அண்டை ஊரான தஞ்சோங் மாலிமின் வரலாறும் இதையே பேசுகிறது. 1917-இல் ரிச்சர்ட் வின்ஸ்டெட் அளித்த அறிக்கை, மலாய்ப் பள்ளிகளில் தோட்ட வேலையும் கூடை முடைதலும் கற்பிக்கப் பரிந்துரைத்தது. நாட்டுப்புற மக்களை நாட்டுப்புறத்திலேயே நிறுத்தும் நோக்கம் அதில் இருந்தது. 1922-இல் அவ்வூரில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியிலும் கூடை முடைந்தனர். ஆனால் அதே கல்லூரியில் மொழிபெயர்ப்புப் பணியகம் அமைந்தது. ஸஅபா அங்கே பணியாற்றினார். விடுதலை வேட்கை கொண்ட இளைஞர்கள் அங்கிருந்து புறப்பட்டனர். இன்று அது சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். கூடை முடைந்தது அவர்களைத் தாழ்த்தவில்லை. கையோடு நின்றுவிடு என்று சொல்வதே தாழ்வு. கையைச் சிந்தனையோடு இணைப்பது உயர்வு.

அதே தஞ்சோங் மாலிமில் இன்று புரோட்டோன் கார் ஆலை இயங்குகிறது. நம் பிள்ளைகள் அவ்வாலையில் வடிவமைப்பாளராக நுழைய வேண்டுமா, வாயிற்காவலராக நுழைய வேண்டுமா என்பதைப் பத்து வயதில் அவர்கள் கையில் கொடுக்கும் அளவுகோலும் ஓரளவு தீர்மானிக்கிறது.

நம் கடமை

முன்பு வாழ்வியல் திறன் என்றிருந்த பாடத்தின் இடத்தில், தொடக்கப்பள்ளிக்குரிய புதிய கலைத்திட்டத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் வந்தது. தேர்வுப் பாடம் அன்று என்பதால் அதன் நேரத்தைப் பிற பாடங்களுக்குக் கடன் கொடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அக்கடன் திரும்பி வருவதே இல்லை. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. ஆனால் அத்தேர்வு நம் மனத்தில் விட்டுச் சென்ற அச்சம் நீங்கவில்லை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. அப்பாடவேளையைக் காப்பாற்றுங்கள். அட்டையால் கதவுப் பேழையின் மாதிரி செய்வதற்குப் பட்டறை தேவையில்லை. கத்தரிக்கோலும் அளவுகோலும் போதும். அறிவியல் ஆசிரியர் ஸ்பானரின் கதையைச் சொல்லட்டும். தமிழாசிரியர் செய்முறையை எழுத வைக்கட்டும். கீல், திருகாணி, விளிம்பு, மூலைமட்டம், உப்புத்தாள் ஆகிய சொற்கள் பிள்ளையின் நாவில் ஏற வேண்டுமானால் அப்பொருள்கள் முதலில் கையில் ஏற வேண்டும்.

பெற்றோர்களே, வரும் பள்ளி விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வீட்டில் போர்வீல் இல்லையெனில் மோட்டார் சைக்கிள் கூடைக்கு மூடி செய்யுங்கள். அலமாரிக்குத் தட்டு செய்யுங்கள். துளையிடும் கருவி உங்கள் கையில் இருக்கட்டும். அளவெடுப்பதும் குறியிடுவதும் பிள்ளையின் வேலையாகட்டும். மகனை மட்டும் அழைத்து மகளை அடுக்களைக்கு அனுப்பிவிடாதீர்கள். பிள்ளை எடுத்த அளவு அரை சென்டிமீட்டர் பிசகினால் ஏசாதீர்கள். ஏன் பிசகியது என்று கேளுங்கள். பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.