அடிக்கும்போது மாஸ்க்... கழுவும்போது?

மாடல் கட்டுறவங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஏர்பிரஷ் அடிக்கிற கதையை மணிக்கணக்கா சொல்வாங்க. கழுவுற கதைக்கு ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா, மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு.

ஏர்பிரஷ் தேவையான்னா, தேவைதான். 1965, 1971 போர்கள்ல நம்ம விமானப்படை ஓட்டின நாட் விமானத்தை 1:72 அளவுல கட்டினா பதிமூணு சென்டிமீட்டர்கூட வராது. அது மேல 0.1 மி.மீ. கனத்துக்கு பெயிண்ட் ஏறினா, நிஜ விமானத்துல 7 மி.மீ. பூசின கணக்கு! அவ்வளவு மெல்லிசா பூச சாதா பிரஷ்ஷால ரொம்ப கஷ்டம்.

ஆனா 0.3 மி.மீ. நாசில்ல துளி பெயிண்ட் காய்ஞ்சா போச்சு. அடுத்த தடவை துப்பித் தொலைக்கும். அதனால ஒவ்வொரு கலருக்கும் நடுவுல தின்னர் ஊத்தி அடிச்சு வெளியேத்தணும். முடிச்சதும் ஊசியை உருவித் துடைக்கணும். ஆக, பெயிண்டைவிட அதிகமா அறைக்குள்ள அடிக்கிறது தின்னரைத்தான். நாமளோ பெயிண்ட் வேலை முடிஞ்சதுன்னு மாஸ்க்கைக் கழட்டிட்டுத்தான் கழுவ உக்காருவோம்!

நானும் அப்படித்தான் இருந்தேன், போன கார்த்திகை வரைக்கும். புவனகிரியில அடைமழை. சாரல் அடிக்குதுன்னு ஜன்னலைச் சாத்திட்டு, லேக்கர் தின்னர் வச்சு கழுவிட்டிருந்தேன். அம்மா அகல் விளக்கைக் கையில ஏந்திக்கிட்டு ரூம் வாசப்படியில வைக்க வந்துட்டாங்க. "என்னடா, பெட்ரோல் பங்க் மாதிரி நாறுது?"ன்னு அங்கேயே நின்னாங்க. அந்த நாலடி தூரம்தான் எங்களைக் காப்பாத்துச்சு. தின்னர் ஆவி காத்தைவிட கனம். தரையோட படர்ந்து போகும், சின்னச் சுடர் பட்டாலே பிடிச்சுக்கும். தெரிஞ்சும் செஞ்ச முட்டாள்தனம் அது. இத்தனைக்கும் மழை ஈரத்துல லேக்கர் அடிச்சா வெளுத்தும் போகும்.

அதனால என் கட்சி இதுதான். லேக்கர் பினிஷிங் மாதிரி வராதுன்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். வீட்டுக்குள்ள அடிக்கிறவங்களுக்கு தண்ணியில கரையிற அக்ரிலிக் போதும். பளபளப்பு கொஞ்சம் கம்மியானா என்ன குடி முழுகிடும்? லேக்கர்தான் வேணும்னா திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ போங்க. துணி மாஸ்க் தூசியையே ஒழுங்கா தடுக்காது, ஆவியை எங்க தடுக்கும்? கரி ஃபில்டர் வச்ச மாஸ்க் வேணும், கடைசி சொட்டு கழுவுற வரைக்கும் மூஞ்சியில இருக்கணும். அழுக்குத் தின்னரை மூடி போட்ட டப்பாவுல பிடிங்க, சாக்கடையில கொட்டாதீங்க.

இதெல்லாம் முடியாதுன்னா ஏர்பிரஷ்ஷே வாங்காதீங்க, சாதா பிரஷ்ஷே போதும். கழுவ இடம் இல்லாதவனுக்கு அடிக்கவும் இடம் இல்லைன்னுதான் அர்த்தம்.

என் நாட் அரை பெயிண்ட்டோட அலமாரியில நிக்குது. மழை விடட்டும், மாடிக்குப் போகலாம் :-)