எண்ணூறுக்கு யார் வருவார்?

கிரிக்கெட்டில் முறியடிக்கவே முடியாத சாதனை எது என்று கேட்டால் உலகம் உடனே டொன் பிரட்மனின் துடுப்பாட்டச் சராசரி 99.94ஐத்தான் சொல்லும். கண்டியில் கேட்டுப் பாருங்கள், தங்கள் ஊர் முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட் என்பார்கள். ஊர்ப்பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் நான் கண்டிக்காரர் பக்கமே. 1956இல் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் எடுத்த 19 விக்கெட்டைக்கூட, ஆடுகளமும் அதிர்ஷ்டமும் கூடிவந்தால் யாரோ ஒருவர் ஐந்து நாளில் எட்டிவிடலாம். முரளியின் எண்ணிக்கைக்கு ஓர் ஆயுள் வேண்டும். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்தோடு தொடங்கிய பையன், 1992 முதல் 2010 வரை 133 டெஸ்ட்களில் சராசரியாக ஆறு விக்கெட் வீதம் எடுத்தார். ஷேன் வோர்னின் அன்றைய உலக சாதனையான 708ஐ அவர் தாண்டியது 2007 டிசம்பரில், சொந்த ஊர் அஸ்கிரிய மைதானத்தில், இங்கிலாந்தின் கொலிங்வுட்டை போல்டாக்கி. ஜேம்ஸ் அண்டர்சன் 188 டெஸ்ட் ஆடியும் 704இல் நின்றார். அஸ்வின் 537இல் விடைபெற்றார். திறமைக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் போட்டிகளுக்குத்தான். 2025இல் இலங்கை ஆடியது நான்கே டெஸ்ட்கள். இந்தக் கணக்கில் இன்னொரு முரளியே பிறந்து வந்தாலும், 133 டெஸ்ட் ஆட 33 வருடம் பந்துவீச வேண்டியிருக்கும்.